எழுதியவர் மண் – 9: கறுப்புப் பள்ளத்தாக்கு

1836 மே மாதம், லா ஷாத்ர் நீதிமன்றத்தில் ஒரு பெண் தன் சொந்த வீட்டைத் திருப்பிக் கேட்டு நின்றார். அது பாட்டி வாங்கி, பாட்டி விட்டுச் சென்ற வீடு. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் சட்டப்படி அதை ஆண்டவர் கணவர் கசிமிர் துதவான். மனைவி கொண்டுவரும் சொத்தைக் கணவன்தான் நிர்வகிக்க வேண்டும் என்று நெப்போலியனின் சிவில் சட்டம் சொன்னது. விவாகரத்து 1816-லேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. பிரிந்து வாழ அனுமதி கேட்கலாம், அவ்வளவுதான். அந்தச் சட்டம் 1804-இல் பிறந்தது. வழக்குப் போட்ட ஒரோர் துய்ப்பானும் அதே ஆண்டு பிறந்தவர். அதற்குள் பாரிஸ் அவரை வேறு பெயரில் அறிந்திருந்தது: ஜார்ஜ் சாண்ட்.

பாட்டி மரி ஒரோர் 1793-இல், புரட்சியின் நடுவில், நோஆன் வீட்டை வாங்கியதைச் சென்ற இதழில் பார்த்தோம். 1808-இல் லா ஷாத்ரிலிருந்து இரவில் திரும்பிய தந்தை குதிரையிலிருந்து விழுந்து இறந்ததையும், 1831-இல் மகள் பாரிஸுக்குக் கிளம்பியதையும், மறு ஆண்டே 'இந்தியானா' நாவல் வந்ததையும் பார்த்தோம். ஆண் உடை, சுருட்டு, காதல்கள் என்று பாரிஸ் பேசிய பேச்சுக்குக் குறைவில்லை. அதையெல்லாம் பல நூல்கள் எழுதித் தீர்த்துவிட்டன. நமக்கு வேண்டியது அவர் திரும்பி வந்த ஊர்.

லா ஷாத்ர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கசிமிர் மேல்முறையீட்டுக்குப் போனார். ஜூலையில் வழக்கு பூர்ஜ் நகரத்துக்குப் போனது. அங்கே நீதிபதிகள் இரண்டாகப் பிரிந்து நிற்க, கடைசியில் சமரசம் ஏற்பட்டது. பாரிஸில் இருந்த ஒரு கட்டடத்தின் வருமானம் கணவருக்கு, நோஆன் மனைவிக்கு. தன் வீட்டில் தானே குடியிருக்கும் உரிமைக்குப் பிரான்சின் மிகப் பிரபலமான பெண் எழுத்தாளர் மாதக்கணக்கில் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. அவருக்காக வாதாடியவர் மிஷேல் த பூர்ஜ், குடியரசுவாதி. சாண்டின் அரசியலைக் கூர்தீட்டியதில் இந்த வக்கீலுக்குப் பெரும் பங்கு உண்டு.

*

பிரான்சின் வரைபடத்தை மடித்தால் மடிப்பு விழும் இடத்தில் இருக்கிறது பெரி. பழைய மாகாணம் அது. புரட்சி 1790-இல் அதை ஷேர், ஆந்த்ர் என்று இரண்டு மாவட்டங்களாக வெட்டியது. மக்கள் வாயில் மட்டும் பெரி என்ற பெயர் தங்கிவிட்டது. வடக்கே மரமில்லாத கோதுமைச் சமவெளி. மேற்கே குட்டைகளும் காய்ச்சலும் நிறைந்த ப்ரென். இரண்டுக்கும் தெற்கே ஆந்த்ர் ஆற்றோரத்தில் லா ஷாத்ர். அதற்கு வடக்கே சில கிலோமீட்டரில் நோஆன்: ஒரு சிறிய தேவாலயம், ஒரு சதுக்கம், சில வீடுகள், பெரிய மரங்களுக்குப் பின்னால் பாட்டியின் வீடு.

இந்தத் தென்பகுதியில் வயல்கள் சிறியவை. ஒவ்வொரு வயலைச் சுற்றியும் உயிர்வேலி. வேலிக்குள்ளேயே கருவாலியும் எல்மும் வளர்ந்து நிற்கும். வேலிகளுக்கிடையே வண்டிகள் பல தலைமுறையாக ஓடி ஓடிப் பள்ளமாகிப்போன தடங்கள், மழைக்காலத்தில் முழங்கால் சேறு. மேலே கிளைகள் கூடி நிற்பதால் நண்பகலிலும் வெளிச்சம் குறைவு. வெளியூரான் ஒருவன் இரவில் இந்தத் தடங்களில் சிக்கினால் விடிந்த பிறகுதான் வழி தெரியும். ஷாத்தோரூவிலிருந்து லா ஷாத்ருக்கு வரும் சாலையில் கோர்லே என்றொரு மேடு. அங்கிருந்து பார்த்தால் கீழே வயல் எதுவும் தெரியாது. மரத்தலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கருநீலமாக, தொடுவானம் வரை ஒரே இருட்டுப் பரப்பாகக் கிடக்கும்.

சாண்ட் அதற்கு 'கறுப்புப் பள்ளத்தாக்கு' என்று பெயரிட்டார். எந்த நிலவியல் ஆவணத்திலும் இல்லாத பெயர். 1832-இல் வந்த 'வலான்தீன்' நாவலுக்காகத் தன் கிராமங்களை ஒரே மேடையாகச் சேர்த்துச் சூட்டியது. கதாசிரியர்கள் ஊருக்குப் பெயர் வைப்பது புதிதல்ல. ஆனால் இந்தப் பெயர் நாவலுக்குள் அடங்கிக் கிடக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அது ஒரு குடியானவனின் முகவரியாகச் செய்தித்தாளில் ஏறியது. அதற்குக் காரணம் ஒரு சிறுமி.

*

ஃபான்ஷெத். பதினைந்து வயது இருக்கலாம், மனவளர்ச்சி குன்றியவள். யார் பெற்ற பிள்ளை, எந்த ஊர் என்று எவருக்கும் தெரியாது. 1843-இல் லா ஷாத்ர் பக்கம் அலைந்துகொண்டிருந்தவளை ஊர் மருத்துவமனை இல்லத்தில் சேர்த்தார்கள். அதை நடத்தியவர்கள் கன்னியாஸ்திரிகள். வெளியே கொண்டுபோய் விட்டாலும் அவள் திரும்பி வந்தாள். சாப்பாடு கிடைத்த இடத்தை விட்டுப் போக அவளுக்கு என்ன பைத்தியமா? கடைசியில் அவளைக் குதிரை வண்டியில் ஏற்றி, ஒபுய்சோன் நகருக்குப் போகும் வழியில், நடுச்சாலையில் இறக்கிவிட்டு வண்டி போய்விட்டது. ஏற்பாடு செய்தவர் இல்லத்தின் தலைவி. ஊர் அதிகாரிகளின் காதுக்கு எட்டாமல் நடந்த காரியமும் அல்ல.

இப்படிச் செய்தது அந்தக் காலத்தில் அதிசயமில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு அரசே ஒரு ஏற்பாடு வைத்திருந்தது. மருத்துவமனைச் சுவரில் சுழலும் மரப்பெட்டி ஒன்று இருக்கும். தாய் வெளியிலிருந்து குழந்தையை அதில் வைத்துச் சுழற்றிவிட்டு, முகம் காட்டாமல் போய்விடலாம். 1811-ஆம் ஆண்டு ஆணை இதை நாடு முழுக்க முறைப்படுத்தியது. உள்ளே வந்த குழந்தைகளைக் கிராமத்துப் பெண்களிடம் வளர்க்கக் கொடுத்து, மாதம் சிறு தொகை கொடுப்பார்கள். குழந்தைக்குப் பன்னிரண்டு வயதானால் தொகை நின்றுவிடும். பிறகு அவன் பாடு. பெரியில் இத்தகைய பிள்ளைகளை 'ஷாம்ப்பி' என்பார்கள், வயலில் கிடந்தவன் என்ற பொருளில். திட்டுவதற்கும் அதே சொல்தான். ஒரு குடும்பத்தில் ஷாம்ப்பி இருக்கிறான் என்றால் கோழி காணாமல் போன கணக்கும் அவன் தலையில்தான்.

சாண்ட் விஷயத்தை விசாரித்து, 1843 அக்டோபரில் பாரிஸின் 'ரெவ்யூ அன்தெபான்தான்' இதழில் எழுதினார். எழுதிய விதம்தான் சுவாரசியம். கையெழுத்து ஜார்ஜ் சாண்ட் அல்ல. ப்ளேஸ் பொனன் என்ற கற்பனைக் குடியானவன், இன்னொரு குடியானவனுக்கு எழுதும் கடிதமாக அது வந்தது. படிப்பறிவில்லாத, ஆனால் கணக்குத் தெரிந்த ஒருவன் பெரியின் பேச்சு வாடையோடு அடுக்கடுக்காகக் கேள்வி கேட்கிறான். அரசு வழக்கறிஞர் மறுப்பு எழுதினார். சாண்ட் அதற்கும் பதில் எழுதினார். பிறகு எல்லாவற்றையும் சிறு நூலாக அச்சிட்டு, விற்ற பணத்தை ஃபான்ஷெத் பெயருக்கு ஒதுக்கினார். லா ஷாத்ரின் பெரிய மனிதர்கள் அதன்பின் அவரை மன்னிக்கவே இல்லை. நாவலில் காதல் எழுதும்போது பொறுத்துக்கொண்டவர்கள்தான்.

இந்தச் சண்டையில் ஒன்று தெளிவானது: உண்மையை எழுத ஊரில் ஒரு பத்திரிகைகூட இல்லை. 1844-இல் சாண்டும் நண்பர்களும் 'எக்லெரர் த லாந்த்ர்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார்கள். அச்சிட ஆள் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. அரசாங்கத்தைப் பகைத்துக்கொள்ள எந்த அச்சகக்காரருக்குத் துணிவு வரும்? இந்த வேலைக்குக் கைகொடுத்தவர் பியேர் லெரூ. சோசலிசச் சிந்தனையாளர், சாண்டின் குருபோல இருந்தவர். பக்கத்து மாகாண எல்லையில் பூசாக் என்ற மலையூரில், சாண்டின் உதவியோடு ஓர் அச்சகம் வைத்தார். அந்தப் பத்திரிகையில்தான் ப்ளேஸ் பொனன் மீண்டும் தலைகாட்டினான், இம்முறை 'கறுப்புப் பள்ளத்தாக்கின் குடியானவன்' என்ற அடையாளத்தோடு. பேசியது வரி, பொது நிலம், வறுமை.

*

பூசாக் என்றதும் ஒரு கிளைக்கதை. அந்த ஊர்க் கோட்டைச் சுவர்களில் சில பழைய திரைச்சீலைகள் தொங்கின: சிவந்த பின்னணியில் ஒரு சீமாட்டி, ஒருபுறம் சிங்கம், மறுபுறம் ஒற்றைக் கொம்புக் குதிரை. 1841-இல் வரலாற்றுச் சின்னங்களின் ஆய்வாளரான ப்ரோஸ்பெர் மெரிமே அவற்றைப் பார்த்து, ஈரமும் எலியும் தின்றுவிடும் என்று கவலைப்பட்டு மேலிடத்துக்கு எழுதினார். சாண்ட் 1844-இல் 'ழான்' நாவலில் அவற்றைக் கொண்டுவந்தார். 1847-இல் மகன் மோரீஸின் படங்களோடு 'இலுஸ்த்ரசியோன்' வார இதழில் தனிக் கட்டுரையே எழுதினார். அக்கம்பக்கத்தில் சிறைப்பட்டிருந்த உதுமானிய இளவரசர் ஜெம்மின் காதல் கதையோடு சீலைகளை அவர் முடிச்சுப் போட்டது ஆதாரமில்லாத கற்பனை. நாவலாசிரியர் கையில் வரலாற்றைக் கொடுத்தால் இப்படித்தான். ஆனால் அந்தக் கட்டுரை இல்லாமல் பாரிஸ் அவற்றைக் கவனித்திருக்குமா என்பது சந்தேகம். 1880-களின் தொடக்கத்தில் சீலைகள் பாரிஸின் க்ளுய்னி அருங்காட்சியகத்துக்குப் போயின. 'சீமாட்டியும் ஒற்றைக்கொம்பனும்' என்று இன்று உலகம் கொண்டாடுவது அவற்றைத்தான்.

நோஆனுக்கு அடுத்த விக் கிராமத்துக் கதையும் இதே பாணி. 1849-இல் அவ்வூர்ப் பாதிரியார் தேவாலயச் சுவரின் சுண்ணாம்பைச் சுரண்டப்போக, அடியிலிருந்து 12-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் எட்டிப்பார்த்தன. சாண்ட் உடனே மெரிமேக்குத் தெரிவித்தார். இருவருக்கும் இடையே 1833-இல் ஒரு குறுகிய, கசப்பாக முடிந்த உறவு இருந்தது. அதை ஒதுக்கிவைத்துவிட்டு இருவரும் காரியத்தைப் பார்த்தார்கள். தேவாலயம் பாதுகாக்கப்பட்ட சின்னமானது. ஓவியங்கள் இன்றும் அங்கேயே இருக்கின்றன.

*

இனி நாவல்களுக்கு வருவோம். 1846-இல் 'சாத்தான் குட்டை', 1847-48-இல் 'வயலில் கிடந்த பிரான்சுவா', அதைத் தொடர்ந்து 'குட்டி ஃபாதெத்', 1853-இல் 'ஊதுகுழல் வித்தகர்கள்'. பெரியின் பெயர் பிரெஞ்சுப் பள்ளிக்கூடங்கள் வரை போனது இவற்றால்தான். மார்செல் ப்ரூஸ்த் தன் பெருநாவலின் தொடக்கத்தில், தூங்காத சிறுவனுக்குத் தாய் படித்துக்காட்டும் புத்தகமாக வைப்பது அந்த ஷாம்ப்பி பிரான்சுவாவின் கதையை.

கதைசொல்லியாக அவர் தேர்ந்தெடுத்தது சணல் நார் பிரிக்கும் தொழிலாளியை. இலையுதிர்காலத்தில் சணலை அடித்து நார் பிரிக்க இவர்கள் ஊர் ஊராகப் போவார்கள். வேலை நடப்பது பெரும்பாலும் இரவில். கையில் வேலை, வாயில் கதை. வீட்டுக்கு வீடு போகிறவன் ஆதலால் எல்லா ஊர்க் கதையும் அவனிடம் சேர்ந்திருக்கும். இவர்களிடம் சிறுவயதில் கேட்ட பேய்க்கதைகளைச் சாண்ட் பின்னால் 1858-இல் மோரீஸின் படங்களோடு நூலாக்கினார். நள்ளிரவில் குளக்கரையில் துணி துவைக்கும் பெண்கள் அதில் வருகிறார்கள். அவர்கள் துவைப்பது தாங்கள் கொன்ற பச்சைக் குழந்தைகளை. துவைக்கும் சத்தம் கேட்டால் கிட்டப் போகக்கூடாது, முறுக்கிப் பிழிவதற்கு உதவி கேட்பார்கள். இவ்வளவும் சொல்லிவிட்டுச் சாண்ட் சாவகாசமாகச் சேர்க்கிறார்: அந்தச் சத்தம் போடுவது ஒருவகைத் தவளை. கதையும் கெடவில்லை, கணக்கும் தப்பவில்லை. அதுதான் சாண்ட்.

'சாத்தான் குட்டை'யின் பின்னிணைப்பில் ஒரு கிராமத்துக் கல்யாணம் வருகிறது. நாவலைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். கல்யாணம் முடிந்து கூத்துக்கட்டும் நாளில் கந்தல் உடுத்திய 'தோட்டக்காரன்' ஒருவன், பெண் வேடமிட்ட இன்னொரு ஆணை மனைவியாக இழுத்துக்கொண்டு, குடித்தவன்போல் தள்ளாடி வருவான். மணமகளின் தோட்டத்தில் ஒரு முட்டைகோஸைத் தேர்ந்தெடுத்து, என்னவோ கோட்டை கட்டுவதுபோல் அளந்து, குறித்து, தோண்டி எடுப்பார்கள். வேர் முறியக்கூடாது. அதைக் கூடையில் மண்ணோடு நட்டு, நாலு பேர் தூக்கும் பல்லக்கில் வைத்து ஊர்வலமாக மணமகன் வீட்டுக்குக் கொண்டுபோய், கூரை உச்சியில் ஏற்றி, ஒரு குடம் திராட்சை மதுவை ஊற்றுவார்கள். கீழே துப்பாக்கி வேட்டு. கோஸ் தழைத்தால் குடும்பம் தழைக்கும். கோர்னமுஸ் என்ற, காற்றுப்பையோடு கூடிய ஊதுகுழல் இல்லாமல் இது எதுவும் நடக்காது. இந்த வழக்கங்கள் மறைந்துகொண்டிருக்கின்றன என்று அவர் அப்போதே கவலைப்பட்டார். நாட்டார் வழக்காற்றியல் என்ற துறைக்குப் பெயர்கூட நிலைபெறாத காலத்தில் நாவலின் வாலாகக் கள ஆய்வை இணைத்தவர்.

1839-இலும், 1841 முதல் 1846 வரை ஒவ்வொரு கோடையிலும், இசையமைப்பாளர் ஷோப்பான் நோஆனில் இருந்தார். அவருடைய சிறந்த படைப்புகளில் பல இந்த வீட்டில் எழுதப்பட்டவை. இங்கே நின்றால் அவரே தொடரை விழுங்கிவிடுவார். அவர் பெரியின் நாட்டுப்புற நடன மெட்டுகள் சிலவற்றைக் காதால் கேட்டுக் குறித்துவைத்தார் என்பதோடு நகர்கிறேன்.

*

'சாத்தான் குட்டை'யில் ஓர் உழவுக் காட்சி. இளம் காளைகள் எட்டு, ஓர் ஆரோக்கியமான உழவன், பக்கத்தில் ஆட்டுத்தோல் போர்த்திய சிறுவன், காளைகளை ஊக்கும் ஏர்ப்பாட்டு. மண் ஆவி விடுகிறது. படித்தவர் எவரும் மறக்கமாட்டார்கள். அது நூலாக வந்த 1846-இல் அறுவடை பொய்த்தது. உருளைக்கிழங்கில் நோய். 1847 ஜனவரி 13 அன்று அதே ஆந்த்ர் ஆற்றின் கீழ்ப்பகுதியில், பூசான்சே ஊர் வழியாகத் தானிய வண்டிகள் வெளியூருக்குப் போயின. பெண்கள் வண்டிகளை மறித்தார்கள். மறுநாள் கலவரம். சுட்ட ஒரு நிலச்சுவான்தாரைக் கூட்டம் அடித்துக் கொன்றது. ஏப்ரல் 16 அன்று பூசான்சே சந்தைத் திடலிலேயே மூன்று பேரின் தலைகளை கில்லட்டின் வெட்டியது.

சாண்ட் கொதித்தார். ஆனால் அந்தக் கொதிப்பைக் கடிதங்களில்தான் பார்க்க முடியும். நாவல்களில் பசி வருகிறது, கலகம் வருவதில்லை. கிராமத்தின் அழகைக் காட்டிப் படித்தவர் மனதில் குடியானவன்மேல் அன்பை வளர்ப்பதே தன் வேலை என்று அவர் நம்பினார். என் அபிப்பிராயம்: நாவல்களை மட்டும் வைத்துப் பெரியைப் பார்ப்பவருக்குப் பாதி ஊர்தான் தெரியும். மறுபாதி ப்ளேஸ் பொனனின் குரலிலும், ஜோர்ஜ் லுய்பன் வாழ்நாள் உழைப்பாகத் தொகுத்த 25 கடிதத் தொகுதிகளிலும் இருக்கிறது.

1848 பிப்ரவரியில் புரட்சி வெடித்தது. தொடராக வந்துகொண்டிருந்த ஷாம்ப்பி கதை பத்திரிகையில் தடைப்பட்டது. சாண்ட் பாரிஸுக்கு ஓடினார், புதிய குடியரசின் அறிக்கைகளை எழுதினார். மோரீஸ் நோஆனின் மேயரானார். ஏப்ரலில் ஆண்கள் எல்லாருக்கும் முதல்முறையாக வாக்குரிமை. சாண்ட் எந்தக் குடியானவனை நம்பினாரோ அவன் பழைய பிரபுக்களுக்கும் பணக்காரர்களுக்கும் ஓட்டுப் போட்டான். மே மாதம் அவர் மனம் கசந்து ஊர் திரும்பினார். நிலத்தையெல்லாம் பிடுங்கிப் பங்குபோட வந்தவர் என்று லா ஷாத்ரின் கனவான்கள் ஏற்கனவே ஓதிவிட்டிருந்தார்கள். 'கம்யூனிஸ்டுகள் ஒழிக' என்ற கூச்சல் நோஆன் தோட்டச் சுவர் வரை வந்தது. கூவியவர்களில் எத்தனை பேர் அவரிடம் இலவச மருந்து வாங்கியவர்களோ! ஜூன் மாதம் பாரிஸ் தெருக்களில் தொழிலாளர் ரத்தம் ஓடிய பிறகு அவர் உட்கார்ந்து எழுதியது 'குட்டி ஃபாதெத்'. அந்த இரட்டைச் சகோதரர் கதையின் சாந்தத்தை இந்தப் பின்னணி இல்லாமல் படிப்பது நியாயமாகாது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1851 டிசம்பரில், லூயி நெப்போலியன் ராணுவத்தைக் கொண்டு ஆட்சியைப் பிடித்தார். எக்லெரர் பத்திரிகை நண்பர்கள் பலர் பிடிபட்டார்கள், சிலர் தலைமறைவானார்கள். பால்ய நண்பர் அல்ஃபோன்ஸ் ஃப்ளரி பெல்ஜியத்துக்குத் தப்ப வேண்டியதாயிற்று. அல்ஜீரியாவுக்கும் கயேனுக்கும் கப்பலேற்றும் பட்டியல்கள் தயாராகின. 1852 ஜனவரியில் சாண்ட் சர்வாதிகாரிக்கே கடிதம் எழுதி, மாத இறுதியில் எலிசே மாளிகையில் நேரில் சந்தித்தார். தனக்காக எதுவும் கேட்கவில்லை. கையில் ஆந்த்ர் மாவட்டத்துப் பெயர்கள். அடுத்த வாரங்களில் அமைச்சர் அலுவலகங்களின் வாசலில் காத்துக்கிடந்து, சிலருக்கு விடுதலை, சிலருக்கு நாடுகடத்தலுக்குப் பதிலாகக் கண்காணிப்பு என்று ஒவ்வொன்றாக வாங்கினார். தீவிரக் குடியரசுவாதிகள் சிலருக்கு இது துரோகமாகப் பட்டது. எதிரியின் கையைக் குலுக்கிப் பெற்ற மன்னிப்பு எங்களுக்கு வேண்டாம் என்றார்கள். மன்னிப்பை ஏற்றுக்கொண்டு பெரிக்குத் திரும்பியவர்களின் மனைவிமார் என்ன சொன்னார்கள் என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை.

கோர்லே மேட்டிலிருந்து இன்று பார்த்தால் பழைய கறுப்பு இல்லை. 1970-களுக்குப் பிறகு பூஞ்சை நோய் எல்ம் மரங்களைத் தின்றுவிட்டது. வேலிகளைப் பிடுங்கி வயல்களைப் பெரிதாக்கியது டிராக்டர். பெயர் மட்டும் சாலைப் பலகைகளிலும் சுற்றுலாக் கையேடுகளிலும் நிலைத்துவிட்டது. பேத்தி ஒரோர் 1952-இல் நோஆன் வீட்டை அரசுக்குக் கொடுத்தார்.

1850-களின் நடுவில் சாண்டுக்கு நோஆனே சற்று நெருக்கடியாகிவிட்டது. விருந்தாளிகள், பொம்மலாட்டம், பேரப்பிள்ளை பற்றிய கவலைகள். செதுக்கோவியக்காரர் அலெக்ஸாந்த்ர் மான்சோவோடு 1857-இல் க்ரேஸ் ஆற்றுப் பக்கம் போனவர், கார்ஜிலெஸ் என்ற ஊரில் ஒரு குடியானவன் குடிசையையும் ஓர் அபூர்வ வண்ணத்துப்பூச்சியையும் கண்டார்.

அது அடுத்த இதழில்.